சாவி திருப்ப ஓர் ஆள்

என் மகன் காரில் ஏறிச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். பின்சீட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய முனகல் எழுந்து அடங்கும். பெட்ரோல் பம்பு வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவேன். "என்னம்மா, என்ஜின் உங்ககிட்ட பெர்மிஷன் கேட்டுத்தான் ஸ்டார்ட் ஆகணுமா?" என்று அவன் கேலி செய்வான். எனக்குக் காரைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாது. ஓட்டவும் தெரியாது. இந்த ஒரு முனகலுக்குக் காது கொடுக்கிற பழக்கம் மட்டும் மிஸ்ஸியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. சிம்பாங் அம்பாட்டுக்கு வீடு மாறி வந்த பிறகும் அது விடவில்லை.

மிஸ்ஸி என்பது பெயர் இல்லை. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லோரும் மிஸ்ஸிதான். நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "என்னத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜார்ஜ்டவுனில் டத்தோ கெராமாட் சாலையை ஒட்டிய எங்கள் சந்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். முழங்காலுக்குக் கீழே வரும் பூப்போட்ட கவுன், உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். ஆஸ்பத்திரியை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கடிகாரம் நேராகத் திரும்பவில்லை.

நான் கல்யாணமாகி நிபோங் திபாலிலிருந்து அந்தச் சந்துக்கு வந்த புதிதில் எனக்கு அம்மை போட்டது. கணவருக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அக்கம்பக்கத்தில் யாரையும் எனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் எரிய, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். மிஸ்ஸி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். ஒரு கையில் வேப்பிலைக் கொத்து, இன்னொரு கையில் ஆஸ்பத்திரி லோஷன் பாட்டில். "இது ரெண்டிலை எது கேக்கும் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. ரெண்டையும் வைப்பம்" என்றார். அம்மை இறங்கும் வரைக்கும் என் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் கண்ணைத் திறந்தபோதெல்லாம் நாற்காலியில் ஆள் இருந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அவரைக் காணோம். நானே தேடிக்கொண்டு போனேன். கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "இப்ப சுகந்தானே?" என்றார்.

"சுகம்தான் மிஸ்ஸி."

"அப்ப சரி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். அந்த வருஷத் தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் வைத்துத் தட்டு கொண்டுபோனேன். தட்டை வாங்கிக்கொண்டார். "வீட்டிலை எல்லாரும் சுகந்தானே?" என்றார். சுகம் என்றேன். "அப்ப சரி." கதவு சாத்திக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோய் வந்தால்தான் இந்த மனுஷி நம்மோடு பேசுவாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கோபத்தில் நினைத்ததுதான், ஆனால் அதுதான் உண்மை.

யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மூச்சு வாங்குகிறது, எந்தப் பிள்ளை மாமரத்திலிருந்து விழுந்தது என்று அவருக்கு எப்படித்தான் தெரியுமோ, போய் நிற்பார். முனையில் காப்பிக்கடை வைத்திருந்த சீனக் கிழவருக்கு இழுப்பு வந்தால் அவர் மகனைக் கூப்பிட மாட்டார், மிஸ்ஸியைத்தான் கூப்பிடச் சொல்வார். ஆனால் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல் என்று எதிலும் மிஸ்ஸியைப் பார்க்க முடியாது. அதனால் அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலே எதிர்வீட்டில் எட்டிப் பார்த்து "யாருக்கு என்ன?" என்று கேட்பார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அவர் எதிரே வந்தால் முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்தின வாரம் இவர்கள் பிள்ளையின் வாந்தியைத் துடைத்தது யார் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

அவருக்கு நோய் வந்தால்? வந்தது ஒருமுறை. கேட் சாத்தியே கிடந்தது. கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது. "காய்ச்சல்தான். மருந்து எனக்குத் தெரியும். நீர் போம் பிள்ளை." கஞ்சியை நானே திருப்பிக் கொண்டுவந்து குடித்தேன். கொடுக்கத்தான் தெரியுமே தவிர, வாங்கிக்கொள்ள அந்தக் கைக்கு வராது.

இப்படிப்பட்டவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி சாவி திருப்புவது.

மிஸ்ஸியிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சொந்த ஊருக்குப் போகும்போது விட்டுப் போனது. பெரிய உடம்பு, மங்கிப்போன பச்சை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை ஓட்டிக்கொண்டு ஃபெரி ஏறி, அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போவார். அங்கே அவருடைய தம்பி ரயில்வேயில் குமாஸ்தா. தாயார் தம்பி வீட்டில் இருந்தார். கீழே விழுந்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு நடக்க முடியாது.

ஒரு பகல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்று யோசித்தேன்.

"வேலையோ?" என்றார்.

"இல்ல மிஸ்ஸி. வாங்க."

"உள்ளை வரேல்லை. காரிலை இருந்து சாவியைத் திருப்பிவிட ஒரு ஆள் வேணும்."

போகும்போதே கதையைச் சொன்னார். அதற்குமுன் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தாயாரைச் சோதனைக்காக இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும்போது நடந்தது அது. "ஃபெரியிலை என்ஜினை நிப்பாட்டத்தானே வேணும். நிப்பாட்டினன். அக்கரை வந்து திருப்பினா ஒண்டும் இல்லை. பின்னாலை அவ்வளவு காரும் ஹோர்ன் அடிக்குது. அம்மா, 'என்ன பிள்ளை, என்ன பிள்ளை' எண்டு பயந்துபோனா. ஃபெரிக்காரர் வந்து 'தோலாக், தோலாக்' எண்டு கத்திக்கொண்டு தள்ளினவை. தம்பி ஜெட்டியிலை நிண்டு எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு நிண்டவன்."

தோலாக் என்றால் மலாயில் தள்ளு. கரையில் இறங்கிய கணமே மிஸ்ஸி "காணும், காணும்" என்று சொல்லித் தள்ளியவர்களை விலக்கிவிட்டாராம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் காணும் என்றால் போதும். அரை மணி நேரம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல் கார் தானாகவே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் விஷயம் முற்றியது. தம்பிக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தது. அம்மாவை நான் வைத்துக்கொள்கிறேன், இங்கே கூட்டி வருகிறேன் என்று மிஸ்ஸி கேட்டார். "இந்தக் காரிலை அம்மாவை ஏத்த விடமாட்டன் அக்கா. நடுவழியிலை நிண்டா? கார் சரியானா பாப்பம்" என்று தம்பி சொல்லிவிட்டார். பள்ளி விடுமுறையோடு அவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். அதற்குள் காரின் நோய் என்னவென்று கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் அம்மா கோலாலம்பூருக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும்.

கார் ரிப்பேர் செய்கிறவரை எங்கள் ஊரில் ஃபோமன் என்பார்கள். எங்கள் பக்கத்துச் சீன ஃபோமன் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் கொண்டுபோகும்போதெல்லாம் கார் சமர்த்தாக ஓடியது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வலி போய்விடுகிற ஆட்கள் மாதிரி. "நிற்கும்போது கொண்டு வாங்க" என்றார் அவர். நின்றுபோன காரை எப்படிக் கொண்டுவருவது என்று மிஸ்ஸி கேட்டதற்கு அவரே சிரித்துவிட்டார். பிறகு வழி சொன்னார். பின்னால் பெட்ரோல் டாங்கி பக்கம் பம்பு இருக்கிறது. முன்னால், ஸ்டியரிங்குக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ரிலே 'டக்' என்று தட்டிப் பம்புக்குக் கரண்ட் விடும். கார் நின்றுபோன நேரத்தில் பின்னால் முனகல் கேட்கிறதா, முன்னால் 'டக்' கேட்கிறதா என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரு ஆளால் முடியாது. ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், ஒருவர் காது கொடுக்க வேண்டும்.

நாற்பது வருஷம் ஊராருக்குக் காவலிருந்த மனுஷிக்கு, சாவி திருப்ப வீட்டில் ஓர் ஆள் இல்லை.

நான் டிரைவர் சீட்டில் உட்காருவேன். மிஸ்ஸி பின்பக்கம் போய், கவுனை இழுத்து முழங்காலைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காதை டாங்கிக்குக் கிட்டக் கொண்டுபோவார். கண்ணாடியில் அவர் கை மட்டும் தெரியும். கை உயர்ந்தால் திருப்ப வேண்டும்.

"திருப்பும்."

திருப்புவேன். முனகல் எழுந்து அடங்கும்.

"காணும்."

தினமும் இதுதான் எங்கள் பேச்சு. திருப்பும், காணும், திருப்பும், காணும். கேட்டால் சிரிப்பீர்கள், அந்தச் சந்தில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அதுதான். சமையலை முடித்துவிட்டு அந்தக் கவுன் வாசலில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கார் சீக்கிரம் குணமாகிவிடக் கூடாதே என்றுகூட ஓரிரு நாள் தோன்றியிருக்கிறது.

நிழலில் நிற்கும் காருக்கு நோய் வரவில்லை. ஒருநாள் மிஸ்ஸியே சொன்னார்: "வருத்தம் வாற நேரத்துக்கு நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறம். அதை நாங்கள் வரப்பண்ண வேணும். இது சூட்டிலைதான் வருது." அவர் பேச்சில் வருத்தம் என்றால் நோய். உச்சி வெயிலில் என்னை ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினார். பிறகு கடற்கரைப் பாடாங் திடலின் ஓரம், ஒரு மரநிழலும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். உள்ளே இருவரும் உட்கார்ந்திருந்தோம். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. ஐஸைத் துருவிச் சர்க்கரைப்பாகு ஊற்றி விற்கும் ஐஸ் கச்சாங் கடைக்காரர் தன் வண்டிக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, நம்மளுக்கு மயக்கம் வந்துரும் லா."

"எனக்கு முன்னாலை மயங்க மாட்டீர். பயப்பிடாதையும்."

இறங்கிப் பின்னால் போனார். கை உயர்ந்தது. திருப்பினேன். முனகல் இல்லை. மறுபடி திருப்பினேன். ஒன்றுமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே 'டக்'கும் இல்லை. மிஸ்ஸி ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். ரிலேயைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியில் கை வைப்பது போல, புறங்கையால். "கொதிக்குது பிள்ளை. போய் ஐஸ் வாங்கிக்கொண்டு வாரும்."

ஐஸ் கச்சாங்காரர் தூளாக்கிய ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். மிஸ்ஸி அதைக் கைக்குட்டையில் சுற்றி ரிலேயின் மேல் வைத்து, குனிந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தலையசைத்தார். திருப்பினேன். 'டக்.' பின்னால் முனகல் எழுந்தது.

நான் கைதட்டிவிட்டேன். அவர் தட்டவில்லை. "ஒருக்கா கேட்டது சும்மாவும் கேக்கும்" என்று ஐஸை எடுத்துவிட்டு, மறுபடி சூடாகும்வரை காத்திருந்து, செத்ததை உறுதி செய்து, மறுபடி ஐஸ் வைத்து, மறுபடி உயிர் வந்ததைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் வந்தது.

ஃபோமன் ரிலேயின் மூடியைக் கழற்றிக் காட்டினார். ஈயம் வைத்த இடத்தில் தலைமுடி அளவு விரிசல். சூடானால் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாகப் புதிய ரிலே ஒன்று போட்டுக் கொடுத்தார். மிஸ்ஸி வீட்டுக்குப் போய் முன் அறையை ஒழித்து, தாயாருக்குக் கட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போட்டார். கட்டிலை நகர்த்த என்னைக் கூப்பிடவில்லை. தானே இழுத்திருக்கிறார், சிமென்டுத் தரையில் கோடு கிடந்தது.

அந்த ஞாயிறு என்னையும் வரச் சொன்னார். "அம்மாவோடை பின்சீட்டிலை ஒரு ஆள் இருந்தால் நல்லம்." ஃபெரியில் என்ஜினை நிறுத்தினோம். தெற்கே கடலுக்குள் பாலத்துக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அக்கரைத் துறையான பட்டர்வொர்த்தில் சாவியைத் திருப்பினார். முனகல், என்ஜின், இறங்கிவிட்டோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

தம்பி வீட்டில் பாதிச் சாமான்களைக் கட்டி வைத்திருந்தார்கள். தாயாரின் கட்டில் ஹாலின் நடுவில் ஜன்னலோரம் கிடந்தது. பேரப்பிள்ளைகள் மூன்றும் அதன்மேல்தான். ஒன்று படம் வரைகிறது, ஒன்று 'அப்பாச்சி' என்று அவர்கள் கூப்பிடும் பாட்டியின் கால்மாட்டில் தூங்குகிறது, ஒன்று அவர் வாயில் மிட்டாயைத் திணித்துக்கொண்டிருக்கிறது. கிழவி சிரித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி நேராகப் போய் பிள்ளைகளை இறக்கிவிட்டார். வாயிலிருந்த மிட்டாயை எடுத்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கணுக்காலை அமுக்கி வீக்கம் பார்த்தார். ஹால் அமைதியாகிவிட்டது. தாயாரின் முகத்தில் சிரிப்பு போய், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களின் முகம் வந்துவிட்டது. என் கண்முன்னால் வந்தது.

"கார் சரியாப் போச்சு அம்மா. வெளிக்கிடுவம்" என்றார் மிஸ்ஸி.

தாயார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வரேல்லை பிள்ளை."

"ஏன்?"

"உன்னோடை வந்தால் நான் நோயாளி. இஞ்சை நான் இதுகளுக்கு அப்பாச்சி."

அந்த அம்மா அன்போடுதான் சொன்னார். மிஸ்ஸி கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். தம்பி எங்களோடு வாசல்வரை வந்தார். காரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மா முதலே சொன்னவ அக்கா. உங்களுக்குச் சொல்ல வாய் வரேல்லை. நான்தான் காரைச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தன்."

"அம்மா சுகமா இருக்கிறா தானே" என்றார் மிஸ்ஸி.

"ஓம் அக்கா. சுகமாத்தான்."

"அப்ப சரி" என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "கார் இப்ப நல்லாத்தான் ஓடுது" என்றார்.

பிறகு கொஞ்ச காலத்தில் நாங்கள் வீடு மாறினோம். ஒருமுறை அந்தச் சந்துக்குப் போனபோது கடைசி வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மிஸ்ஸி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தில் யாருக்கும் நோய் இல்லாத நேரம் போலிருக்கிறது. என் நினைவில் அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபெரியிலேயே இருக்கிறார்.

பின்சீட்டில் தாயாருக்காக விரித்த போர்வை அப்படியே இருந்தது. நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இக்கரை வந்தது, பாலப்பலகை இறங்கியது, முன்னால் நின்ற கார்கள் போயின. மிஸ்ஸி சாவியைத் திருப்பினார். முனகல் எழுந்து அடங்கியது. அதற்குமேல் திருப்பவில்லை. மறுபடி அணைத்தார், மறுபடி திருப்பினார். முனகல் எழுந்து அடங்கியது. காதைச் சாய்த்து அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

"மிஸ்ஸி, சத்தம் கேக்குது. பம்பு நல்லாதான் இருக்கு" என்றேன்.

"ஓம். நல்லா இருக்கு."

காக்கிச் சட்டை போட்ட ஃபெரிக்காரர் ஒருவர் ஜன்னலுக்குக் குனிந்தார். "ரோசாக் கா, காக்?" கெட்டுப்போச்சா அக்கா என்று கேட்கிறார். இல்லை என்று நான் சொல்லப் போனேன். மிஸ்ஸி என் கைமேல் கை வைத்தார். கியரை நடுவில் தள்ளினார். ஹேண்ட்பிரேக்கை இறக்கினார்.

பின்னால் இரண்டு மூன்று பேர் வந்து கை வைத்தார்கள். தோலாக், தோலாக். ஒரு குறையும் இல்லாத கார் மெல்ல நகர்ந்தது. பலகையைத் தாண்டினோம், ஜெட்டியைத் தாண்டினோம், இனித் தள்ளத் தேவையில்லாத சாலைக்கும் வந்துவிட்டோம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மிஸ்ஸி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் தள்ளிக்கொண்டே வந்தார்கள். அவர் காணும் என்று சொல்லவில்லை.